விலை கூடிய பிளக் போட்டால் வேகம் கூடுமா?

கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும்போது உங்க பைக் முக்குதா நேயர்களே? "இரிடியம் பிளக் போடுங்க, பறக்கும்"னு யாராவது சொல்வாங்க. சொந்தமா விமானம் கட்டிப் பறக்கிறவங்களுக்கும் இதே ஆசை உண்டு. ஆனா, பெட்ரோல் கலவையைப் பத்தவைக்கிறதோட பிளக்கோட வேலை முடிஞ்சுது. சாதாரண பிளக்கே அதைச் சரியாச் செஞ்சா, விலை கூடினது புதுசா இழுவை தந்துடாது. இரிடியம் ரொம்பக் கடினமான உலோகம், முனை சீக்கிரம் தேயாது. நீங்க கொடுக்கிற காசு அந்த ஆயுளுக்குத்தான்! விமானத்துலயும் முக்கியம், பிளக் நம்பகமா பத்தவைக்கிறதுதான்; அதனாலதான் பெட்ரோல் விமான எஞ்சின்கள்ல பெரும்பாலும் சிலிண்டருக்கு ரெண்டு பிளக் இருக்கும். ஒண்ணு படுத்துட்டாலும் இன்னொண்ணு காப்பாத்தும். உங்க பைக்லயும், மலை ஏறுறதுக்கு முன்னாடி, ஆறின எஞ்சின்லேருந்து பிளக்கைக் கழற்றி, கரி படிஞ்சிருக்கான்னு பார்த்துடுங்க.