மலை தருவதும் சமவெளி பெறுவதும்

குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. மாநகராட்சிக்குக் கட்டணம் செலுத்தியதும் நம் கடமை முடிந்தது என்று எண்ணுகிறோம். ஆனால் அந்தப் பணம் குழாய்க்கும் மின்சாரத்திற்கும் ஊழியருக்கும் உரியது. மழைநீரைச் சேர்த்துவைத்துத் தந்த மலைக்கு அதில் பங்கில்லை.

நீரைத் தேக்குவது, மண்ணரிப்பைத் தடுப்பது, வெள்ளத்தைத் தணிப்பது என இயற்கை நமக்குச் செய்யும் உதவிகளைச் 'சூழலமைப்புச் சேவைகள்' என்கின்றனர் அறிஞர்கள். இவை உண்டாகும் இடம் ஒன்று, தேவைப்படும் இடம் வேறொன்று. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

பவானி ஆற்றை எடுத்துக்கொள்வோம். நீலகிரியில் தோன்றும் இந்த ஆறு, கேரளத்தின் அட்டப்பாடி வழியாக மீண்டும் தமிழகத்திற்குள் வருகிறது. 1955ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையிலிருந்து செல்லும் கீழ்பவானிக் கால்வாய், ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடி, 2 இலட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் தருகிறது. கோவைக்கும் திருப்பூருக்கும் குடிநீர் தருவதில் இந்த ஆற்றுக்குப் பெரும் பங்குண்டு.

நீலகிரியின் உச்சியில் சோலைக்காடும் புல்வெளியும் மழையை உள்வாங்கி, மழையற்ற மாதங்களிலும் ஓடைகளுக்குச் சிறிது சிறிதாக விடுகின்றன. ஆங்கிலேயர் காலம் தொட்டு அப்புல்வெளிகளின் பெரும்பகுதி தேயிலைத் தோட்டங்களாகவும், தைலமர, சீகைமரக் காடுகளாகவும் மாறியது. புல்வெளி நீர்ப்பிடிப்பு ஒன்றில் தைலமரம் நட்டு ஆராய்ந்தபோது, முதல் பத்தாண்டுகளில் அங்கிருந்து வரும் நீர் ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்தது தெரியவந்தது.

மலையின் கணக்கில் தேயிலையும் மரமும் வருமானம். சமவெளியின் கணக்கில் நெல்லும் மஞ்சளும் பின்னலாடையும் வருமானம். குறைந்துபோன ஓடைநீரோ எவர் கணக்கிலும் செலவாக எழுதப்படுவதில்லை. தனித்தனியே பார்த்தால் இரண்டும் இலாபம், சேர்த்துப் பார்த்தால்தான் பற்றாக்குறை தெரியும்.

இதற்காக மலைவாழ் மக்களைக் குறைசொல்வது முறையல்ல. அரை ஏக்கர் தேயிலையில் பிழைக்கும் குடும்பத்திடம், கீழே இருப்பவர்களுக்காக உன் வருமானத்தை விட்டுக்கொடு என்று கேட்பது நீதியாகுமா? காக்கும் பொறுப்பு ஒருவருக்கு, பயன் மற்றவருக்கு என்றால் அந்த ஏற்பாடு நீடிக்காது.

அமெரிக்காவின் நியூயார்க் நகரம் இதற்கு ஒரு வழி கண்டது. அதன் குடிநீரில் பெரும்பகுதி கேட்ஸ்கில் மலைப்பகுதியிலிருந்தும் அதையடுத்த டெலவேர் ஆற்றுப்படுகையிலிருந்தும் வருகிறது. வடிகட்டும் நிலையம் கட்டினால் 600 கோடி டாலருக்கு மேல் ஆகும் என்ற நிலையில், நகரம் 1997இல் மலைப்பகுதி ஊர்களுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. சாணமும் உரமும் ஓடையில் கலக்காதபடி பண்ணைகளைச் சீரமைக்கவும், கழிவுநீர்த் தொட்டிகளைப் பழுதுபார்க்கவும் நகரம் பணம் தந்தது. விற்க விரும்பியவரிடம் மட்டும் நிலம் வாங்கியது. 25 ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த நீர் வடிகட்டப்படாமல், கிருமிநீக்கம் செய்யப்பட்டு வீடுகளை அடைகிறது.

நியூயார்க்கின் செல்வம் நமக்கில்லை. ஆயினும் அதன் பாடம் நமக்கும் பொருந்தும். முதலாவது, மலையையும் சமவெளியையும் ஒரே பகுதியாகக் கொண்டு கணக்கிட வேண்டும். இரண்டாவது, தண்ணீர்க் கட்டணத்தின் ஒரு பகுதியாவது, புல்வெளியையும் சோலையையும் மீட்டுக் காப்பவர்களுக்குக் கூலியாகச் சேர வேண்டும். மூன்றாவது, பெறுபவர்களும் தம் தேவையைக் குறைக்க வேண்டும். சொட்டுநீர்ப் பாசனமும், கசியும் குழாயை அடைப்பதும், சாயக் கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்துவதும் மலையின் சுமையைக் குறைக்கும் செயல்களே.

கொடுப்பவர் களைத்துப்போகாமல் இருந்தால்தான் பெறுபவருக்கு நாளையும் கிடைக்கும். நம் வீட்டுத் தண்ணீர் எந்த மலையிலிருந்து வருகிறது, அங்கே அதைக் காப்பவர் யார் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவோம். கணக்கை அங்கிருந்து தொடங்குவோம்.