'பீப்' சத்தத்துக்குப் பின்னால் சுஜாதா: ஓட்டு மெஷின் நம்பிக்கையைச் சம்பாதித்த கதை

மயிலாப்பூரோ, தி.நகரோ, அடையாறோ... ஓட்டுச்சாவடிக்குப் போனவர்களுக்கு அந்தச் சத்தம் நல்லாவே தெரியும். நீல பட்டனை அழுத்தினால் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும். நீளமாக ஒரு 'பீப்'. வெளியே வந்து மை வைத்த விரலோடு ஒரு செல்ஃபி. அவ்வளவுதான், ஜனநாயகக் கடமை முடிந்தது.

அந்த மெஷினின் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தவர், 'எந்திரன்' படத்துக்கு வசனம் எழுதியவர்களில் ஒருவர். ஆமாம், நம்ம சுஜாதாதான்.

ரைட்டரா, இன்ஜினீயரா?

ரெண்டும்தான். இயற்பெயர் எஸ்.ரங்கராஜன். 1935-ல் சென்னை திருவல்லிக்கேணியில் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர். குரோம்பேட்டை எம்.ஐ.டி-யில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தார். மனைவியின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டார். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பகலில் சர்க்யூட், மற்ற நேரத்தில் சிறுகதை, தொடர்கதை, 'ஏன் எதற்கு எப்படி' கேள்வி-பதில். 'ரோஜா', 'இந்தியன்', 'முதல்வன்' வசனங்களும் அவர் எழுதியவைதான். அந்த நிறுவனத்தில் ஓட்டு மெஷினை வடிவமைக்கும் பணியை மேற்பார்வையிட்டவர் அவர்.

மெஷினுக்குள் என்ன இருக்கு?

ரெண்டு பெட்டி, நடுவில் ஒரு கேபிள். ஒன்று அதிகாரியின் மேஜையில், மற்றொன்று மறைப்புக்குள் நம்ம முன்னால். அதிகாரி தன் பெட்டியில் பட்டனை அழுத்தினால்தான் நம்ம பெட்டி ஒரே ஒரு ஓட்டுக்குத் திறக்கும். அதன்பின் நாம் நூறு முறை அழுத்தினாலும் எண்ணிக்கை ஏறாது.

இன்றைய புரோகிராமர்களுக்கு ஆச்சரியம் தருவது, இதில் என்ன இல்லை என்பதுதான். இன்டர்நெட் இல்லை. வைஃபை, புளூடூத் இல்லை. கரன்ட் தேவையில்லை, பேட்டரியே போதும். சிப்பில் புரோகிராமை ஒரு முறைதான் எழுத முடியும். உங்கள் போனுக்கு வாராவாரம் வரும் அப்டேட் இதற்கு வரவே வராது.

வேகமும் குறைவு. நிமிடத்துக்கு அதிகபட்சம் நாலைந்து ஓட்டுதான். இது குறை இல்லை, வேண்டுமென்றே வைத்தது. சீட்டு முறையில் ரவுடிகள் சாவடியைக் கைப்பற்றினால் சில நிமிடங்களில் கட்டுக்கட்டாக முத்திரை குத்திப் பெட்டியை நிரப்பிவிடலாம். மெஷினில் அது நடக்காது. போலீஸ் வருவதற்கு நேரம் கிடைக்கும். அதற்குள் அதிகாரி 'க்ளோஸ்' பட்டனை அழுத்திவிட்டால் எல்லாமே ஓவர்.

மெஷின் பாஸ், சட்டம் ஃபெயில்!

1982 மே 19. கேரளாவின் பரவூர் தொகுதியில் 50 சாவடிகளில் முதன்முறையாக மெஷின் வந்தது. தேர்தலுக்கு முன் மெஷினை எதிர்த்து கோர்ட்டுக்குப் போன இந்திய கம்யூனிஸ்ட் வேட்பாளர் சிவன் பிள்ளையே 123 ஓட்டில் ஜெயித்தார். தோற்ற காங்கிரஸின் ஏ.சி.ஜோஸ் வழக்குப் போட்டார்.

1984-ல் உச்ச நீதிமன்றம், மெஷினில் ஓட்டுப் போட சட்டத்தில் இடமே இல்லை என்றது. அந்தச் சாவடிகளில் சீட்டு முறையில் மறுபடியும் ஓட்டுப்பதிவு நடந்தது. இந்த முறை ஜெயித்தவர் ஜோஸ்.

மெஷின் பழுதாகவில்லை, அதற்கான சட்டம்தான் இல்லை. அது வந்து, நாடு முழுக்க எல்லாத் தொகுதியிலும் மெஷின் வர 2004 ஆகிவிட்டது.

சரி, நம்பலாமா?

இந்தக் கேள்வியை சுஜாதாவே கதையில் கேட்டிருக்கிறார். 1980-களில் எழுதிய 'என் இனிய இயந்திரா'வில் வரும் ஆண்டு 2021. நாடே கையெடுத்துக் கும்பிடும் தலைவர் ஜீவா. ஆனால் அப்படி ஒரு ஆளே இல்லை. அது வெறும் ஒளி பிம்பம், ஒரு ஹாலோகிராம். திரையில் தெரிவதை யாரும் சரிபார்க்காமல் நம்பினால் என்ன ஆகும் என்பதுதான் அந்தக் கதையின் பயம். ஓட்டு மெஷின் வேலை பார்த்த அதே மூளைக்குள் அந்தப் பயமும் இருந்திருக்கிறது.

நிஜத்திலும் அந்தக் கேள்வி ஓயவில்லை. மயிலாப்பூரில் பிறந்த சுப்பிரமணியன் சுவாமி தொடர்ந்த வழக்கில், காகிதச் சான்று அவசியம் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தச் சான்றைத் தருவதுதான் விவிபேட். இப்போது ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் 5 சாவடிகளின் சீட்டுகளை எண்ணி, மெஷின் கணக்கோடு ஒப்பிடுகிறார்கள். எல்லாச் சீட்டையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரல் 26-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் தோற்றவர்களில் முதல் இரண்டு இடத்தில் இருப்பவர்கள் கேட்டால், 5 சதவீத மெஷின்களின் சிப்பைச் சோதிக்கலாம் என்றது.

ஆக, டிசைன் நல்லா இருந்தால் மட்டும் போதாது. சட்டம் வேண்டும், கேள்வி கேட்கும் ஆள் வேண்டும், கையில் எடுத்து எண்ணிப் பார்க்க ஏதாவது வேண்டும்.

2014 மக்களவைத் தேர்தலில் விவிபேட் வைத்துப் பார்த்த 8 தொகுதிகளில் மத்திய சென்னையும் ஒன்று. சுஜாதா பிறந்த திருவல்லிக்கேணி அதில்தான் வருகிறது. 2008-லேயே அவர் மறைந்துவிட்டதால் அதைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அந்தச் சீட்டு 7 விநாடிதான் தெரியும். அடுத்த முறை பட்டனை அழுத்தியதும் ஓடி வந்துவிடாதீங்க, அந்த 7 விநாடி நின்று நீங்கள் போட்ட சின்னம்தானா என்று பாருங்க.