இடிப்பறவைக்கு ஒரு பின்சீட்டு

கார் தயாராகிக்கொண்டிருந்தது, பெயர்தான் அமையவில்லை. 1954-ம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனத்தில் இதுதான் நிலைமை. நல்ல பெயர் சொல்பவருக்குப் புது சூட் ஒன்று பரிசு என்று நிறுவனத்துக்குள்ளேயே போட்டி வைத்தார்கள். ஆல்டன் கிபர்சன் என்ற வடிவமைப்பாளர் எழுதிக்கொடுத்த பெயர் வென்றது: தண்டர்பேர்ட். அமெரிக்கப் பூர்வகுடிகளின் கதைகளில் வரும் இடிப்பறவை அது. அது சிறகை விரித்தால் இடி முழங்கும், மழை கொட்டும் என்பது நம்பிக்கை. பெயர் வைத்தவருக்குக் கிடைத்தது 95 டாலர் சூட்டும், கூடவே ஒரு உபரி பேன்ட்டும்.

அந்தப் பெயர் அரை நூற்றாண்டு ஓடியது. அதைவிட முக்கியம், ‘தனிநபர் சொகுசுக் கார்’ என்ற புது வகையையே அந்தக் கார் உருவாக்கியது. வீடு நிறையப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் குடும்பக் காரும் அல்ல, பந்தயத் திடலில் சீறும் ஸ்போர்ட்ஸ் காரும் அல்ல. நீண்ட பானெட், குட்டையான பின்பகுதி, இரண்டே கதவு, மெத்தென்ற ஓட்டம், கைக்கெட்டும் தூரத்தில் எல்லா வசதியும். முதலில் ஓட்டுபவரின் மனசுக்குப் பிடிக்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்.

இதன் தொடக்கம் ஒரு போட்டி. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்க வீரர்கள் சிலர், ஐரோப்பாவில் பார்த்த எம்.ஜி., ஜாகுவார் போன்ற சிறிய இரு இருக்கைக் கார்களின் மீது ஆசை வைத்திருந்தார்கள். 1953-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ‘கார்வெட்’ காரை இறக்கியது. ஃபோர்டு சும்மா இருக்குமா? 1954 பிப்ரவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் தண்டர்பேர்டை நிறுத்தியது. அதே ஆண்டு அக்டோபரில் விற்பனை தொடங்கியது.

அன்றைய கார்வெட்டின் கதவில் ஏற்றி இறக்கும் கண்ணாடிகூடக் கிடையாது. மழை வந்தால் தனியே திரையை எடுத்து மாட்ட வேண்டும். தண்டர்பேர்டிலோ சுற்றினால் ஏறும் கண்ணாடி, 8 சிலிண்டர் கொண்ட வி8 எஞ்சின், கழற்றி மாட்டக்கூடிய ஃபைபர் கிளாஸ் கூரை எல்லாம் இருந்தன. 1955 மாடலில் 16,155 கார்கள் தயாராயின. கார்வெட் அந்த ஆண்டு வெறும் 700.

அடுத்த ஆண்டே வாடிக்கையாளர்களின் குறைகளுக்குக் காது கொடுத்தார்கள். கூரையை மாட்டினால் பின்பக்கவாட்டில் வரும் வண்டி தெரியவில்லை என்றார்கள். கூரையின் இரு பக்கமும் கப்பல் ஜன்னல் போல வட்டக் கண்ணாடி வந்தது. டிக்கியில் பெட்டி வைக்க இடமில்லை என்றார்கள். ஸ்டெப்னி டயர் வெளியே, பம்பரின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்த வட்ட ஜன்னல்தான் இன்றும் பழைய கார் ரசிகர்கள் தண்டர்பேர்டை அடையாளம் காணும் முத்திரை.

ஒரு குறையை மட்டும் இப்படி ஒட்டுப்போட்டுத் தீர்க்க முடியவில்லை. காரில் இரண்டு பேர்தான் உட்கார முடியும்.

அந்தக் குறையைக் கையில் எடுத்தவர் ராபர்ட் மக்னமாரா. பிற்காலத்தில் வியட்நாம் போர்க்காலப் பாதுகாப்பு அமைச்சராக உலகம் அறிந்த அதே மனிதர்தான். 1955-ல் ஃபோர்டு பிரிவின் பொது மேலாளரானவர், எதையும் கணக்குப் போட்டுப் பார்த்தே முடிவெடுப்பவர். இரண்டு இருக்கைக்கு வாங்குபவர் சிலர், நான்கு இருக்கை வைத்தால் பலர் என்று அவருடைய கணக்கு சொன்னது. 1958-ல் பின்சீட்டுடன் புதிய தண்டர்பேர்ட் வந்தது. பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். விற்பனை அவர்கள் பக்கம் நிற்கவில்லை. முதல் மூன்று ஆண்டுகளிலும் சேர்த்து இரு இருக்கைக் கார் சுமார் 53,000 விற்றது. 1960-ல் மட்டும் நான்கு இருக்கைக் கார் 90,000-ஐத் தாண்டியது.

இந்த மாற்றத்தில் பிறந்த ஒரு சின்னப் பொருளைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். 1958 காரை வடிவமைப்பாளர்கள் மிகவும் தாழ்வாக அமைத்தார்கள். ஆனால் எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குச் சக்தியைக் கடத்தும் நீண்ட தண்டைத் தாழ்த்த வழியில்லை. அதனால் காரின் தரை நடுவில் வரப்புப் போல உயர்ந்து நின்றது. பார்க்க அசிங்கம், காலுக்கும் இடைஞ்சல். அதை மறைக்க மேலே ஒரு மூடி போட்டார்கள். மூடி போட்டதும், அதிலேயே ஜன்னல் சுவிட்ச், ஹீட்டர் விசைகள், ரேடியோவின் ஒலிபெருக்கி, சாம்பல் கிண்ணம் என அடுக்கினார்கள். இடதும் வலதும் தனித்தனி இருக்கை. நடுவில் இந்த மேடை. ஓட்டுபவருக்கு விமானி அறையில் உட்கார்ந்த உணர்வு. வேறு வழியின்றிச் செய்த அந்த மூடிதான் சொகுசுக் காரின் அடையாளமாகிப் பல நிறுவனங்களின் கார்களுக்கும் பரவியது.

1961-ல் உடல் மறுபடி மாறியது. மூக்கு கூர்மையாகித் துப்பாக்கிக் குண்டின் வடிவம் வந்தது. கியரை ‘பார்க்’கில் போட்டுவிட்டு ஸ்டியரிங்கைத் தள்ளினால், அது சுமார் 10 அங்குலம் வலப்பக்கம் நகர்ந்து இறங்க வழிவிடும். 1965-ல் இண்டிகேட்டரும் வேடிக்கை காட்டியது. காரைத் திருப்பப் போகும் பக்கத்தில் மூன்று விளக்குகள், உள்ளிருந்து வெளிநோக்கி ஒன்றன்பின் ஒன்றாக எரியும். டிக்கியில் இருந்த ஒரு சிறு மோட்டார் சுழன்று விளக்குகளை வரிசையாக ஏற்றியது. கணினிச் சில்லு கார்களுக்குள் வராத காலத்து வித்தை அது.

1961 ஜனவரியில் ஜான் கென்னடி அதிபராகப் பதவியேற்ற ஊர்வலத்தில் தண்டர்பேர்டுகளும் அணிவகுத்தன. அதே மாதம்தான் மக்னமாரா, ஃபோர்டின் தலைவராகிச் சில வாரங்களே ஆன நிலையில், கென்னடியின் அமைச்சரவையில் சேர்ந்தார்.

வெற்றியைப் பார்த்துப் போட்டியாளர்களும் களமிறங்கினார்கள். 1963-ல் பியூக் ரிவியரா, 1966-ல் ஓல்ட்ஸ்மொபைல் டொரொனாடோ, 1970-ல் ஷெவர்லே மான்டே கார்லோ. தண்டர்பேர்டோ ஊதத் தொடங்கியது. 1967-ல் மடக்குக் கூரை போய், நான்கு கதவு மாடல் வந்தது. முதல் காரின் நீளம் ஏறத்தாழ 14.5 அடி, 1970-களின் நடுவில் 19 அடியை நெருங்கியது. எஞ்சின் 7.5 லிட்டர். 1973-ன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற நாட்டில் இந்த உடம்போடு எத்தனை நாள் ஓட முடியும்?

1977-ல் காரைச் சுருக்கி, விலையையும் வெகுவாகக் குறைத்தார்கள். மக்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். 1978-ல் 3,50,000-க்கும் மேல். அதன் வரலாற்றிலேயே உச்சம். அடுத்து வந்த பெட்டி வடிவக் கார் சோபிக்கவில்லை. 1983-ல் காற்றைக் கிழிக்காமல் வழுக்கிச் செல்லும் உருண்ட வடிவம் வந்து மானத்தைக் காப்பாற்றியது. ஃபோர்டின் புகழ்பெற்ற டாரஸ் காருக்கு வழிவிட்டதும் அந்த வடிவமே. 1997-ல் தயாரிப்பு நின்றது.

இரு இருக்கை, நான்கு இருக்கை என இரண்டு தண்டர்பேர்டுகளும் திரைப்படங்களில் வாழ்கின்றன. 1973-ன் ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’யில் வெள்ளை நிற 1956 மாடலில் ஒரு பெண் கடந்துபோவாள், நாயகன் இரவெல்லாம் அவளைத் தேடுவான். 1991-ன் ‘தெல்மா அண்ட் லூயிஸ்’ படத்தில் இரு தோழிகள் தப்பி ஓடுவது 1966-ன் நான்கு இருக்கை கன்வெர்டிபிளில். ஒன்றில் எட்டாத கனவு, மற்றதில் சாமான்களும் கவலைகளும் ஏற்றிய பயணம்.

ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, 2002 மாடலாகத் தண்டர்பேர்ட் திரும்பியது. இரண்டே இருக்கை, கழற்றும் கூரை, அதில் வட்ட ஜன்னல். சிறப்புப் பதிப்பாக வந்த 200 கார்கள் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான நேரத்திலேயே விற்றுத் தீர்ந்தன. ஆரம்ப வேகம் நிலைக்கவில்லை. 2005-ல் கடைசிக் கார், 1958-ன் நான்கு இருக்கைக் கார் உருவான அதே மிச்சிகன் மாநில விக்சம் ஆலையிலிருந்து வெளியேறியது. இரண்டு ஆண்டுகளில் ஆலையும் மூடப்பட்டது.

அந்தக் கடைசிக் காரில் மக்னமாராவின் பின்சீட்டு இல்லை. ஆனால் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில், 1955 காரில் இல்லாத அந்த மேடை இருந்தது.