கையால் மூடாமல் சிரிக்கலாமே!

"தினமும் ரெண்டு வேளை தேய்க்கிறேன் டாக்டர். ஆனாலும் இந்தக் கறை போகவே மாட்டேங்குது!"

சேலத்திலிருந்து தர்மபுரி போகிற வழியில், டவுனுக்குச் சற்று முன்னால் இருக்கிறது அதியமான்கோட்டை. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் பெயர் தாங்கிய ஊர். இந்த மாவட்டத்தில் ஒரு பெண் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தால், உடனே வெட்கம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பல்லில் இருக்கும் பழுப்புக் கறை காரணமாக இருக்கலாம்!

கறைக்குக் காரணம் பிரஷ் அல்ல, தண்ணீர். பாறைகளிலிருந்து நிலத்தடி நீரில் கரையும் ஃபுளோரைடு, லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால் ஆபத்து. 1937-லேயே அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் இந்த நோயைக் கண்டுபிடித்து எழுதிவிட்டார்கள்.

சுமார் 8 வயது வரை ஈறுக்குள்ளே நிரந்தரப் பற்களின் எனாமல் உருவாகிறது. அந்தச் சமயத்தில் ஃபுளோரைடு அதிகமானால் எனாமலின் மேற்பரப்பு கெட்டியாகவும், அதற்குக் கீழே தாது குறைந்து பொறைபொறையாகவும் ஆகிவிடும். பிறகு எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை.

பல்லில் தாது எவ்வளவு?

எனாமலின் எடையில் 96 சதவிகிதம் தாதுப்பொருள். அதற்கு உள்ளே இருக்கும் டென்டினில் ஏறக்குறைய 70 சதவிகிதம். முக்கியமானவை கால்சியமும் பாஸ்பரஸும்.

இதை ஏன் அளக்க வேண்டும்? ரூட் கெனால் சிகிச்சையில் வேர்க்குழாயைச் சுரண்டிச் சுத்தம் செய்யும்போது உள்சுவரில் மாவு போல ஒரு படலம் ஒட்டிக்கொள்ளும். அதை அகற்ற 'இ.டி.டி.ஏ.' என்ற திரவத்தை விடுகிறார்கள். 1957 முதல் பழக்கத்தில் உள்ள இது, கால்சியத்தைப் பிடித்து இழுத்துவிடும். படலம் போகும், சரி. பல்லின் சொந்தக் கால்சியமும் சேர்ந்து போனால்?

அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள், பிடுங்கிய பற்களை நெடுக்காகப் பிளந்து எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைக்கிறார்கள். எலெக்ட்ரான் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய எக்ஸ்-ரேயை வெளிவிடும். அதை வைத்துக் கால்சியம் இவ்வளவு, பாஸ்பரஸ் இவ்வளவு என்று கணக்கிடலாம். ஒரு நிமிடம் விட்டால் படலம் நீங்குகிறது, பத்து நிமிடம் விட்டால் சுவரே அரிக்கப்படுகிறது என்பது இப்படிப்பட்ட ஆய்வுகளில் தெரியவந்த விஷயம்.

எனவே, "ரூட் கெனால் பண்ணினா பல் செத்துப் போயிடும்" என்று பயந்து, காப்பாற்றக்கூடிய பல்லைப் பிடுங்கச் சொல்லாதீர்கள். கறைப் பல் என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த எனாமலில் பசை சரியாகப் பிடிக்காமல் போகலாம். அடைப்போ கேப்போ வைக்கும்போது அவர் கூடுதல் கவனம் எடுத்துக்கொள்வார்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும்!

* தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஜப்பான் நிதியுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கப்பட்டது. அந்தக் காவிரி நீரைக் குடிக்கவும் சமைக்கவும் ஒதுக்குங்கள். போர்வெல் தண்ணீரைத் துவைக்க, குளிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

* வேறு வழியில்லாமல் போர்வெல் நீரைக் குடிப்பவர்கள் அதை ஒருமுறை பரிசோதித்துப் பார்ப்பது நல்லது.

* பால், மோர், கேழ்வரகு, கீரை ஆகியவற்றைக் குழந்தைகளுக்குத் தாராளமாகக் கொடுங்கள். உணவில் உள்ள கால்சியம், ஃபுளோரைடு உடம்பில் சேர்வதைக் குறைக்கும். குட்டீஸுக்கு டீ வேண்டாம். தேயிலையிலும் ஃபுளோரைடு உண்டு.

* 3 முதல் 6 வயதுக் குழந்தைக்குப் பட்டாணி அளவு பேஸ்ட் போதும். விழுங்காமல் துப்பப் பழக்குங்கள்.

பெரியவர்களின் கறையை ப்ளீச்சிங், வெனீர் போன்றவற்றால் ஓரளவு மறைக்கலாம். ஆனால் இன்னும் முளைக்காத பல் இருக்கிறதே, அதைக் காப்பாற்றுவது அம்மா நிரப்பும் குடத்தில்தான் இருக்கிறது. அதியமான் கொடுத்தது நெல்லிக்கனி. நம் பிள்ளைகளுக்கு நாம் ஒரு டம்ளர் நல்ல தண்ணீராவது கொடுப்போமே!