வளைய வேண்டியது பாடமே

தமிழர் எங்குக் குடியேறினும் சங்கம் ஒன்று அமைப்பதும், அதில் சிறுவர்க்குச் சங்கீத வகுப்பு நடத்துவதும் வழக்கம். ஆயினும் அவ்வகுப்புகளில் காணப்படாத குழந்தைகள் சிலர் நம் இல்லங்களில் உண்டு. பார்வையற்றோர், செவிப்புலன் குன்றியோர், கைகால் வசப்படாதோர், அறிவு வளர்ச்சி தாமதப்பட்டோர், ஆட்டிசம் என்னும் நிலையுடையோர் ஆகிய இவர்களைக் குறித்து, “இவர்களுக்குச் சங்கீதம் எங்கே வரப்போகிறது?” என்று சுற்றத்தார் கூறிவிடுகின்றனர். பெற்றோரும் அதனை நம்பிவிடுகின்றனர்.

குழந்தையை வாத்தியத்திற்கேற்ப வளைக்க முயல்வதாலேயே இந்த அவநம்பிக்கை பிறக்கிறது. வளைய வேண்டியது பாடமும் வாத்தியமுமே. மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இடக்கை வழக்கமுடையவர். அவர் பொருட்டு மேடையில் பக்கவாத்தியக்காரர் அமரும் வரிசை மாற வேண்டியிருந்தது. அவர் கை மாறவில்லை. ஸ்காட்லாந்தில் 1965-இல் பிறந்த எவலின் கிளெனி அம்மையார் பன்னிரண்டு வயதிற்குள் செவிப்புலனைப் பெரும்பாலும் இழந்தவர். எனினும் வெறுங்காலுடன் மேடையில் நின்று, அதிர்வை உடலால் உணர்ந்து, தாள வாத்தியங்களில் உலகப் புகழ் எய்தினார்.

இனி, இல்லத்தில் செய்யக்கூடியவற்றைக் கூறுவோம். பார்வையற்ற குழந்தைக்கு வீணை உகந்தது. அதன் இருபத்து நான்கு மெட்டுகளையும் விரலால் தடவி அறியலாம். ஒரு கை மட்டும் இயங்கும் குழந்தை ஆர்மோனியம் வாசிக்கையில், துருத்தியைத் தங்கை இயக்கலாம். மின்சாரக் கீபோர்டாயின் துருத்தியே வேண்டா. கோலைப் பற்ற இயலாத கைக்கு, கைப்பிடியில் துணி சுற்றித் தடிப்பாக்கலாம். கடைத்தெருவில் எளிதில் கிடைக்கும் டோலக்கைச் சக்கர நாற்காலியின் உயரத்திற்கு ஒரு தாங்கியில் வைக்கலாம்.

எழுத்தறியத் தாமதிக்கும் குழந்தைகட்கு, பின்லாந்து நாட்டில் 1996-இல் தோன்றிய முறையொன்று பயன்படும். அதில் ஒவ்வொரு சுரத்திற்கும் ஒரு நிறம். ஒவ்வொரு ஸ்தாயிக்கும் ஓர் உருவம். காகிதத்தில் உள்ள குறியே வாத்தியத்தின் கட்டையிலும் ஒட்டப்படும். நம் ஏழு சுரங்களுக்கும் மூன்று ஸ்தாயிகளுக்கும் இதனை அமைத்துக்கொள்வது கடினமன்று.

ஆட்டிசம் உடைய குழந்தைகளுள் பலர்க்குப் பேரொலி துன்பம் தரும். அத்தகையோர்க்குத் தனியறையில், பத்து நிமிடப் பாடமே போதும். நாள்தோறும் ஒரே வரிசையில் நடத்துதல் நலம். அடுத்து வருவது யாதென்பதைப் படங்களால் முன்னரே காட்டினால் அச்சம் குறையும். விடை வரும்வரை பொறுத்திருத்தல் ஆசிரியரின் கடமை.

இசை இக்குறைகளைப் போக்கும் மருந்து என்று நாம் கூறவில்லை. ஏனைய குழந்தைகளைப் போலவே இவர்கட்கும் இசையின் இன்பம் உரியது என்பதே நம் வாதம். இருபத்தொரு வகைக் குறைபாடுகளை ஏற்கும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், கலைகளில் இவர்கள் பங்குபெற வழிசெய்யுமாறு பணிக்கிறது.

நம்மைப் போன்ற இரயில்வே உத்தியோகஸ்தர்க்கு மாற்றல் உத்தரவு எப்போது வருமென்று சொல்ல இயலாது. ஊர் மாறினால் ஆசிரியரும் மாறுவார். பெருமுயற்சியால் கண்டறிந்த வழியும் மறைந்துபோகும். ஆகவே குழந்தை எவ்வாறு அமர்கிறது, எந்த நிறக்குறி பழகியது, எவ்வொலிக்கு அஞ்சுகிறது என்பனவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பீர்களாக. மாற்றலின்போது அப்புத்தகமும் குழந்தையுடன் செல்லட்டும். சென்ற ஊரின் சங்க வகுப்பில் அதனைப் படித்துப் பார்த்து, குழந்தைக்குப் பாய் விரிக்க ஓர் ஆசிரியர் இருப்பாராயின், அச்சங்கம் தன் பெயருக்கு ஏற்றதாகும்.