மலையேற்றமும் பற்சக்கரமும்

'டூர் தெ பிரான்ஸ்' என்னும் சைக்கிள் பந்தயம் 1903-இல் தொடங்கியது. 1926-இல் அதன் நீளம் 5,745 கிலோமீட்டர், கட்டங்கள் 17. பிரனீஸ் மலைத்தொடரில் 2,115 மீட்டர் உயரமுள்ள டூர்மாலே கணவாயையும் வீரர்கள் ஏறிக் கடந்தனர்.

அத்தகைய ஏற்றத்தில் துணைபுரிவது பற்சக்கரங்களின் விகிதமாகும். முன்சக்கரத்தில் 48 பற்களும் பின்சக்கரத்தில் 16 பற்களும் இருப்பின், மிதிகட்டை ஒருமுறை சுற்றும்போது பின்னுருளை மும்முறை சுழலும். பின்புறம் 24 பற்களாயின் இருமுறையே சுழலும். கடக்கும் தூரம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. மிதிக்க வேண்டிய விசையும் அவ்வளவே குறைகிறது. ஏறிமுடிக்கச் செய்யவேண்டிய மொத்த வேலை மட்டும் மாறுவதில்லை.

எனினும், பந்தயத்தை நிறுவிய ஆன்றி டெகிரான்ஜ், ஓடும்போதே சங்கிலியை மாற்றும் கருவியை நெடுங்காலம் ஏற்கவில்லை. மனித வலிமையே வெல்லவேண்டும் என்பது அவர் கொள்கை. ஆகவே வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, இருபுறமும் வெவ்வேறு பற்சக்கரம் பொருத்திய பின்னுருளையைக் கழற்றித் திருப்பி மாட்டினர். 1937-இல் இத்தடை நீங்கியது. அவ்வாண்டு ரோஜே லப்பெபி வென்றார்.

ஆசிரியர்கள் ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பற்களை எண்ணச்செய்து, உருளையில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, இவ்விகிதத்தை மாணவர்களுக்கு நேரில் காட்டலாம்.