இரும்பு இருக்கிறது, புலியைக் காணோம்!

கம்ப்யூட்டரில் தமிழ்ப் பெயர்கள் சிதைவது ஏன்?

இரும்புலியூர் எங்கே இருக்கிறது என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது இல்லை. தாம்பரத்தைத் தாண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டில், பெருங்களத்தூருக்கு முன்னால் இருக்கிறது. 2021ஆம் ஆண்டு முதல் தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த ஊர்.

இந்த ஊரின் பெயரில் எத்தனை எழுத்து?

வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் கேட்டுப் பாருங்கள். விரல் விட்டு எண்ணும். இ, ரு, ம், பு, லி, யூ, ர். ஏழு எழுத்து!

கம்ப்யூட்டரைக் கேளுங்கள். "பதின்மூன்று" என்று சொல்லும்!

யார் சொல்வது சரி? பிள்ளை சொல்வதுதான் சரி. ஆனால் கம்ப்யூட்டரும் பொய் சொல்லவில்லை. இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் அகப்பட்டுக் கொண்டு, தமிழ்ப் பெயர்கள் படும் பாடு கொஞ்சம் அல்ல!

அண்ணாச்சியின் கேள்வி

ஒரு மளிகைக் கடையை நினைத்துக் கொள்ளுங்கள். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர். அதில் விண்டோஸ் ஓடுகிறது. பில் போடுவதற்கு ஒரு புரோகிராம் இருக்கிறது. புரோகிராம் என்றால், கம்ப்யூட்டர் செய்ய வேண்டிய வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக் கொடுக்கும் கட்டளை. பக்கத்துத் தெரு இளைஞர் ஒருவர் அதை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

முதல் பில் வெளியே வருகிறது. ஊர் என்ற இடத்தில் "இரும்பு" என்று இருக்கிறது!

"என்ன தம்பி! நான் என்ன இரும்புக் கடையா வைத்திருக்கிறேன்? ஊர்ப் பெயரில் பாதியைக் காணோமே!"

"ஏழு எழுத்துதானே அண்ணாச்சி? எண்ணிப் பார்த்து ஏழு இடம் விட்டிருக்கிறேனே!"

தம்பி எண்ணியது சரிதான். ஆனால் கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது. எண் மட்டும்தான் தெரியும். ஆகவே ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். உலக மொழிகளின் எழுத்துக்களுக்கு எல்லாம் இப்படி எண் கொடுத்திருக்கும் பெரிய பட்டியலுக்கு "யூனிகோடு" என்று பெயர். 1991ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் பட்டியலிலேயே தமிழ் இடம் பெற்று விட்டது. 2944 முதல் 3071 வரை, 128 இடங்கள் தமிழுக்கு.

தமிழில் இருப்பதோ 247 எழுத்து. 128 இடத்தில் 247 எப்படி அடங்கும்?

அடங்காது. உயிர்மெய் எழுத்துக்களைப் பிரித்து விட்டார்கள். "ரு" என்ற எழுத்துக்குத் தனியாக எண் கிடையாது. "ர" என்பதற்கு 2992. அதில் சேரும் உகரக் குறிக்கு 3009. "ம்" என்றால் "ம" என்பதற்கு 2990. தலையில் வைக்கும் புள்ளிக்கு 3021. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால், விண்டோஸ் அவற்றைச் சேர்த்து ஒரே எழுத்தாகத் திரையில் காட்டும்.

இரும்புலியூரில் "இ" மட்டும் ஒற்றை எண். மற்ற ஆறு எழுத்தும் இரண்டு இரண்டு எண். ஆக மொத்தம் 13.

இப்போது ஏழாவது இடத்தில் வெட்டிப் பாருங்கள். இ, ர, உகரக் குறி, ம, புள்ளி, ப, உகரக் குறி. ஏழு ஆயிற்று! "இரும்பு" என்று நின்று விட்டது. புலி ஓடி விட்டது!

பன்னிரண்டில் வெட்டினால் இன்னும் வேடிக்கை. கடைசிப் புள்ளி மட்டும் உதிர்ந்து, "இரும்புலியூர" என்று வரும். ஐந்து எழுத்துத் தாம்பரத்தை ஐந்தில் வெட்டினால் "தாம்ப" என்று நிற்கும்.

வழி என்ன? எண்களை எண்ணக்கூடாது, எழுத்துக்களை எண்ண வேண்டும். விண்டோஸ் புரோகிராம் எழுதப் பலரும் பயன்படுத்தும் டாட்நெட்டில் இதற்கு என்றே "ஸ்டிரிங்இன்ஃபோ" என்ற கருவி இருக்கிறது. புள்ளியையும் குறியையும் அவை ஒட்டியிருக்கும் எழுத்தோடு சேர்த்து எண்ணும். இரும்புலியூர் என்றால் ஏழு என்று சொல்லும். (லக்ஷ்மி என்றால் மட்டும் அது நாலு என்று சொல்லும். "க்ஷ்" என்பதை ஒரே எழுத்தாகப் பார்க்க அதற்குத் தெரியாது.)

சேமித்து வைக்கும் இடத்தை வேண்டிய மட்டும் தாராளமாக விட்டு விடலாம். பெயருக்கு விடும் இடத்தில் கஞ்சத்தனம் பண்ணி மிச்சம் ஆகப் போவது ஒன்றும் இல்லை.

கேள்விக்குறி வந்தால் ஆபத்து!

பாதிப் பெயராவது பரவாயில்லை. சில கடைகளில், சில ஆபீஸ்களில், தமிழ்ப் பெயரை அடித்து உள்ளே அனுப்பினால், திரும்பி வரும்போது வெறும் கேள்விக்குறிகளாக வரும். இரும்புலியூர் என்று அடித்தால் இப்படி வரும்:

?????????????

எண்ணிப் பாருங்கள். சரியாகப் பதின்மூன்று!

இது எப்படி நடக்கிறது? கொஞ்சம் பழைய கதையைப் பார்க்க வேண்டும்.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் எழுத்துக்களுக்கு 256 இடங்கள்தான். அதில் பாதி இங்கிலீஷுக்குப் போய் விட்டது. மீதிப் பாதியில் ஒவ்வொரு நாடும் தன் எழுத்தை வைத்துக் கொண்டது. விண்டோஸில் ரஷ்ய எழுத்துக்கு ஒரு பட்டியல், அரபிக்கு ஒரு பட்டியல், தாய்லாந்து எழுத்துக்கு 874 என்ற நம்பரில் ஒரு பட்டியல். தமிழுக்கு அப்படி ஒன்று கிடைக்கவில்லை. இந்திக்கும் கிடைக்கவில்லை.

விஷுவல் பேசிக் 6 என்று ஒரு கருவி 1998ஆம் ஆண்டில் வந்தது. மிகவும் சுலபமானது. பில் போடும் புரோகிராம்களையும் சம்பளக் கணக்குப் புரோகிராம்களையும் அதில் ஏராளமாக எழுதினார்கள். 2008ஆம் ஆண்டோடு அந்தக் கருவியைக் கவனிப்பதை மைக்ரோசாஃப்ட் கம்பெனி நிறுத்தி விட்டது. ஆனால் அதில் எழுதிய புரோகிராம்கள் இன்றைய விண்டோஸ் 11இலும் ஓடுகின்றன!

அதன் பெட்டிகள் பழைய 256 கணக்கில் செய்தவை. 2951 என்ற எண்ணோடு "இ" வந்து வாசலில் நிற்கிறது. உள்ளே 256 அறைதான் இருக்கிறது. 2951க்கு அறை ஏது? "இது என்னவென்று எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லி, ஒரு கேள்விக்குறியை வைத்து விடுகிறது. கேள்விக்குறியின் எண் 63.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. உள்ளே போனது 2951. எழுதி வைத்தது 63. பிறகு அந்த 63ஐப் பார்த்து, அது முன்பு "இ"யாக இருந்ததா, "க"வாக இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. பெயர் அழிந்து விட்டது! எந்தப் புத்திசாலி வந்தாலும் மீட்க முடியாது. கடன் நோட்டில் அறுபது பேர் பெயரும் கேள்விக்குறி ஆகிவிட்டால், யார் எவ்வளவு தர வேண்டும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆகவே, கேள்விக்குறியைக் கண்டதும் கையை எடுத்து விடுங்கள். சேமிக்காமல் மூடுங்கள். பழைய நகல் இருக்கிறதா என்று தேடுங்கள்.

திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரிந்தால் அவ்வளவு பயப்பட வேண்டியது இல்லை. எழுத்து உள்ளே பத்திரமாக இருக்கும். அதைக் காட்டும் எழுத்துரு மட்டும் இல்லை என்று அர்த்தம். தலையில் கோடு போட்ட இங்கிலீஷ் "ஏ", அடுத்து வட்டத்துக்குள் "ஆர்" என்று திரும்பத் திரும்ப வந்தாலும் எழுத்து பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். மூன்று மூன்று துண்டாக எழுதியதை ஒவ்வொரு துண்டாகப் படித்து விட்டது; அவ்வளவுதான். சரியான முறையில் திறந்தால் தமிழ் வந்து விடும்.

கேள்விக்குறி வேறு வழியிலும் வரும். பெயர்களைச் சேர்த்து வைக்க எஸ்.க்யூ.எல். சர்வர் என்று ஒரு கிடங்கு உண்டு. அதில் "வார்கேர்" என்ற பெட்டியில் பொதுவாகத் தமிழ் நிற்காது. "என்வார்கேர்" என்ற பெட்டியில் நிற்கும். பெட்டி சரியாக இருந்தாலும், கட்டளையில் பெயரை நேராக எழுதும்போது, அதன் முன்னால் இங்கிலீஷ் "என்" என்ற எழுத்தைப் போட மறந்தால், மறுபடியும் கேள்விக்குறிதான்! ஓர் எழுத்து மறந்ததால் ஊர் முழுவதும் பெயர் இழந்து நிற்கும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இது உண்டு. நோட்பேடில் தமிழ் எழுதி, "ஏ.என்.எஸ்.ஐ." என்ற முறையில் சேமித்தால் கேள்விக்குறி ஆகி விடும். நோட்பேடு முன்கூட்டியே எச்சரிக்கை செய்கிறது. நாம்தான் படிக்காமல் "ஓகே"யை அமுக்கி விடுகிறோம்! "யு.டி.எஃப். 8" என்று இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எக்ஸெலில் இருந்து பெயர்ப் பட்டியலை "சி.எஸ்.வி." ஆக எடுக்கும்போதும் அப்படித்தான்.

ஆளுக்கு ஒரு பட்டியல்

விண்டோஸ் தமிழுக்கு இடம் தராத காலத்தில் தமிழர்கள் சும்மா இருக்கவில்லை. இங்கிலீஷ் எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வரைந்து வைத்துக் கொண்டார்கள். மலேசியாவில் முத்து நெடுமாறன், சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரம் என்று கடல் கடந்த தமிழர்கள் பாடுபட்டார்கள். ஆனால் ஆளுக்கு ஒரு பட்டியலாகி விட்டது. ஓர் ஆபீசில் அடித்த கடிதம் இன்னோர் ஆபீசில் திறந்தால் கிறுக்கலாக வந்தது!

இதைத் தீர்க்க 1997இல் சிங்கப்பூரிலும், 1999 பிப்ரவரியில் சென்னையிலும் மாநாடு கூட்டினார்கள். தமிழ்நாடு அரசு 1999இல் பொதுப் பட்டியல்களையும் "தமிழ்99" விசைப்பலகையையும் ஏற்றுக் கொண்டது. விண்டோஸ் 2000 வந்தபோது யூனிகோடு தமிழும், "லதா" என்ற எழுத்துருவும் அதிலேயே வந்தன. 2010இல் அரசும் யூனிகோடை ஏற்றது.

பழைய முறையில் அடித்த கணக்குகள் இன்னும் பல பீரோக்களில் தூங்குகின்றன. எந்த எழுத்துருவில் அடித்தது என்ற விவரத்தை அட்டையில் எழுதி வையுங்கள். அது தெரியாவிட்டால், மாற்றிக் கொடுக்கிறவர் திண்டாடிப் போவார்.

பொன்னி எங்கே?

இதைக் கேளுங்கள். கடையில் மூட்டை மூட்டையாகப் பொன்னி அரிசி இருக்கிறது. புரோகிராமில் "பொன்னி" என்று தேடினால், "இல்லை" என்று வருகிறது!

"பொ" என்ற எழுத்தை இரண்டு விதமாக எழுதலாம். "ப" போட்டு ஒகரக் குறியை ஒரே எண்ணாக, 3018 என்று வைக்கலாம். அல்லது எகரக் கொம்புக்கு 3014, காலுக்கு 3006 என்று தனித்தனியாக வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கம்ப்யூட்டர் எண்ணைப் பார்ப்பதால், அதற்கு இரண்டும் வேறு வேறு பொன்னி!

டாட்நெட்டில் "நார்மலைஸ்" என்ற ஒரே கட்டளை இதைச் சரி செய்யும். சேமிக்கும்போதும் அதைச் சொல்ல வேண்டும்; தேடும்போதும் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சொன்னால் பயன் இல்லை.

ஆனால் "சௌந்தரம்" என்ற பெயரை "ச", "எ" கொம்பு, "ள" என்று அடித்து விடுகிறார்கள் பலர். பார்க்க அப்படியே இருக்கும். இதை நார்மலைஸ் தீர்க்காது. "சௌ" என்று ஒரே எழுத்தாக அடிக்கக் கற்றுக் கொடுப்பதுதான் வழி.

பெயர்களை வரிசைப்படுத்துவதிலும் இடறல் உண்டு. அகராதிப்படி "அருள்" முன்னால், "அன்பு" பின்னால். ஏன் என்றால் மெய்யெழுத்துக்களில் "ன்" கடைசி. யூனிகோடு எண்ணிலோ "ன" முந்தி விட்டது. வெறும் எண்ணைப் பார்த்து அடுக்கினால் அன்பு முன்னால் வந்து நிற்பார். தமிழ் வரிசை வேண்டும் என்று புரோகிராமில் கேட்டு வாங்க வேண்டும். வாங்கிய பிறகும் சோதிக்க வேண்டும்.

பில்லில் தமிழுக்குப் பின்னால் வரும் விலை கோணல் மாணலாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். "ர" ஒல்லி, "ஞ" குண்டு. இடைவெளி விட்டு இழுத்தால் நேராக வராது. எழுத்தின் அகலத்தை அளந்து விலையை நிறுத்த வேண்டும். பில் அச்சிடும் சின்ன மிஷின்கள் பலவற்றுக்குத் தமிழே தெரியாது. அவற்றுக்குப் பெயரைப் படமாக அனுப்பினால் அச்சாகி விடும்.

புதிதாகப் புரோகிராம் வாங்குகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்னால் இந்தப் பெயர்களை அடித்துப் பார்க்கலாம்: அன்பு, அருள், சௌந்தரம், லக்ஷ்மி, பொன்னி, இரும்புலியூர். அடித்துச் சேமியுங்கள். கம்ப்யூட்டரை நிறுத்தி, மறுபடி போடுங்கள். ஒவ்வொன்றையும் தேடுங்கள். வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். கடைசியாக ஒரு பில் போடச் சொல்லி, கண்ணாடியை மாட்டிக் கொண்டு, ஊர்ப் பெயரின் கடைசி எழுத்தில் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள்.